தீர்ப்பு தமிழில் புரிய வேண்டும் என்ற மாயூரம் முன்சீப்

தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள்கூட வேதநாயகம் பிள்ளை என்று சொல்லிவிடும். பரீட்சைக்கு அந்தப் பதில் போதும்.

ஆனால் நாவல் எழுதுவது அவருடைய பிழைப்பு அல்ல. அவர் செய்தது கோர்ட்டு உத்தியோகம். முன்சீப்பாக நாற்காலியில் அமர்ந்து, வாதி பிரதிவாதிகளின் பேச்சைக் கேட்டு, சாட்சிகளை விசாரித்து, தீர்ப்பு எழுதியவர் அவர். அதனால்தான் இன்றும் ஊர்ப் பெயரையும் உத்தியோகப் பெயரையும் சேர்த்து, அவரை "மாயூரம் முன்சீப்" என்று சொல்கிறார்கள்.

கோர்ட்டில் அவர் கண்ட ஒரு குறை அவருடைய மனதை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. வழக்கு யாருடையதோ, அவனுக்கே தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சட்டமும், முன்தீர்ப்புகளும் அவனுக்குத் தெரியாத மொழியில் இருந்தன.

வடாலாவிலும், அன்டாப் ஹில்லிலும், தாராவியிலும், செம்பூரிலும் வாழும் நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவை இல்லை. வாடகைத் தகராறு என்றோ, போலீஸ் வழக்கு என்றோ இங்கே கோர்ட்டுக்குப் போனால், மராத்தியும் ஆங்கிலமும்தான் காதில் விழுகின்றன. வக்கீல் என்ன பேசினார், ஜட்ஜ் என்ன சொன்னார் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கவேண்டி இருக்கிறது.

நாமாவது ஊரை விட்டு வந்தவர்கள். வேதநாயகம் பிள்ளை காலத்தில், தஞ்சாவூர் ஜில்லாவில் சொந்த ஊரிலேயே இருந்த விவசாயிக்கும் இதே கதிதான். அதை மாற்ற ஒரு கீழ்க் கோர்ட்டு நீதிபதி என்ன செய்தார் என்பதே இந்த வரலாறு.

குளத்தூரில் பிறந்தார்

வேதநாயகம் பிள்ளை 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி பிறந்தார். ஊர், திருச்சி வட்டாரத்தைச் சேர்ந்த குளத்தூர். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்க வேளாளர் குடும்பம்.

அப்போது நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. இந்த மன்றோவின் முயற்சியால்தான் 1816-ம் ஆண்டில் ஜில்லா முன்சீப் என்ற பதவிக்கு விதிகள் ஏற்பட்டன. சிறிய சிவில் வழக்குகளை இந்நாட்டுக்காரர்களே விசாரிக்கட்டும், மக்களின் பேச்சும் வழக்கமும் அவர்களுக்குத்தான் தெரியும் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. குளத்தூரில் பிறந்த அந்தக் குழந்தை பிற்காலத்தில் அதே பதவியில் அமர்ந்தது.

ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. தியாகராய பிள்ளை என்பவர் திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவரிடம் வேதநாயகம் பிள்ளை தமிழும் ஆங்கிலமும் கற்றார். தமிழில் இலக்கணம், இலக்கியம் என்று ஆழமாகப் படித்தார். ஆங்கிலத்தையும் அரைகுறையாக விடவில்லை.

ஆசிரியர் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மொழியில் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் அந்த உத்தியோகம். ஒரு சொல் பிசகினால் ஒருவனுடைய நிலம் போய்விடும். அப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்டவருக்குச் சொல்லின் எடை தெரியாமல் இருக்குமா?

கட்டுகளுக்கு நடுவே

படிப்பு முடிந்ததும் வேதநாயகம் பிள்ளைக்கும் திருச்சி கோர்ட்டிலேயே வேலை கிடைத்தது. முதலில் ஆவணங்களைக் காக்கும் வேலை. பழைய வழக்குக் கட்டுகள், பத்திரங்கள், தீர்ப்பு நகல்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

கோர்ட்டு எப்படி நடக்கிறது என்பதை அவர் கீழே இருந்து கற்றுக்கொண்டார். கட்டுகளைப் புரட்டுகிறவனுக்குத்தான் ஒரு வழக்கு எத்தனை வருஷம் இழுத்தது, எத்தனை வாய்தா ஆயிற்று, கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சியது என்பது தெரியும். மொழிபெயர்ப்பாளருக்கோ, சாட்சி சொன்னதற்கும் ஜட்ஜ் காதில் விழுந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பரீட்சை எழுதித் தேறி, 1857-ம் ஆண்டை ஒட்டி அவர் முன்சீப் ஆனார். வட நாட்டில் சிப்பாய்க் கலகம் நடந்த காலம் அது. அடுத்த ஆண்டே கம்பெனி ஆட்சி போய், விக்டோரியா மகாராணியின் நேரடி ஆட்சி வந்தது. இரண்டு சர்க்காரின் கீழும் அவர் உத்தியோகம் பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று ஊர் கோர்ட்டுகள்

அவருடைய முதல் ஊர் தரங்கம்பாடி. டென்மார்க் நாட்டுக்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த கடற்கரைப் பட்டணம் அது. 1845-ல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு சீர்காழி. அதற்குப் பிறகு மாயூரம்.

மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் இருந்தார். அந்த மாயூரம் 1982-ல் மயிலாடுதுறை ஆயிற்று. 2020 டிசம்பரில் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. அவர் நீதிபதியாக இருந்த மூன்று ஊர்களும் இன்று அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

முன்சீப் கோர்ட்டு என்பது சிவில் கோர்ட்டுகளில் கடைசிப் படி. மேலே ஜில்லா கோர்ட்டு. அதற்கும் மேலே சென்னையில் சதர் அதாலத்து, 1862-க்குப் பிறகு ஹைகோர்ட்டு. மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டுகளையும் காகிதத்தையும் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். முன்சீப்தான் ஆளைப் பார்ப்பவர்.

கடன் பத்திரம், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, வாய்க்கால் தண்ணீர், அடமானம் போன்ற வழக்குகள் முதலில் வந்து நிற்கும் இடம் அது. காவிரிப் பாசனத்தில் ஒரு மா நிலம்கூடப் பெரிய சொத்து. அதற்காக அண்ணன் தம்பிகள் வருஷக்கணக்கில் வழக்காடுவார்கள். சாட்சி கூண்டில் ஏறி நின்று பேசும்போது முகத்தைப் பார்த்து, பொய் எது, மெய் எது என்று பிரித்து அறிய வேண்டியவர் முன்சீப். அங்கே தவறினால் மேல் கோர்ட்டு வரை ஓட வேண்டும். ஏழைக்கு அதற்குக் காசு ஏது?

லஞ்சத்துக்கு எதிரி

1859-ம் ஆண்டில் அவருடைய முதல் பெரிய நூல் வெளிவந்தது. பெயர், நீதி நூல். செய்யுளில் எழுதப்பட்டது. தாய் தந்தையரிடம் நடந்துகொள்வது முதல் பல விஷயங்களை அதில் அதிகாரம் அதிகாரமாகப் பாடியிருக்கிறார்.

கைக்கூலி வாங்குகிறவர்களைக் கண்டிக்க அதில் தனி அதிகாரமே உண்டு. கைக்கூலி என்றால் லஞ்சம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே, சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் லஞ்சத்தைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். அதைப் படித்தவர்கள், எழுதியவர் எப்படி என்று அவரைத்தானே முதலில் பார்த்திருப்பார்கள். அந்தப் பரீட்சையில் அவர் தோற்கவில்லை என்பதற்கு, ஊர் மக்கள் அவர்மீது வைத்திருந்த மதிப்பே சாட்சி.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். உ.வே.சாமிநாத ஐயரின் ஆசிரியர் இவர். திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக இருந்த இந்தச் சைவப் பெரியவர், கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 'குளத்துக்கோவை' என்று ஒரு கோவை நூலே பாடினார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் அன்பு கொண்டிருந்தார். சாமிநாத ஐயர் தம் சுயசரிதையில் மாயூரம் முன்சீப்பை அன்போடு நினைவுகூர்கிறார்.

ஒரு புத்தகம் செய்த வேலை

இனி அவர் செய்த பெரிய காரியத்துக்கு வருவோம்.

1859 முதல் 1862 வரை நான்கே ஆண்டுகளில் இந்தியாவின் சட்ட உலகம் தலைகீழாக மாறியது. 1859-ல் சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. 1860-ல் இந்தியன் பீனல் கோடு. 1861-ல் கிரிமினல் நடைமுறைச் சட்டம். 1862 ஆகஸ்டில் பம்பாயிலும் சென்னையிலும் ஹைகோர்ட்டுகள் திறக்கப்பட்டன. பம்பாயில் 14-ந் தேதி, சென்னையில் 15-ந் தேதி.

ஆக, நம் மும்பை ஹைகோர்ட்டும் சென்னை ஹைகோர்ட்டும் ஒருநாள் வித்தியாசத்தில் பிறந்தவை. சென்னையில் அதுவரை இருந்த சதர் அதாலத்து கோர்ட்டு அத்துடன் முடிந்தது. ஆனால் அந்தக் கோர்ட்டு சொன்ன தீர்ப்புகள் முடிந்துபோகவில்லை. பிறகு வரும் வழக்குகளுக்கு அவை முன்மாதிரி. ஒருவன் ஜெயிப்பதும் தோற்பதும் பல சமயம் அந்தப் பழைய தீர்ப்புகளைப் பொறுத்து இருந்தது.

அவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. மாகாணத்தின் கீழ்க் கோர்ட்டுகளில் வாதாடிய உள்ளூர் வக்கீல்கள் பலருக்கு அந்த நாளில் ஆங்கிலம் தெரியாது. கட்சிக்காரர்களுக்கோ கொஞ்சமும் தெரியாது. ஆங்கிலம் படித்த ஒரு சிலர் சொன்னதுதான் சட்டம் என்ற நிலைமை.

வேதநாயகம் பிள்ளை ஒரு காரியம் செய்தார். 1805-ம் ஆண்டு முதல் 1861 வரை சதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளை எடுத்துச் சுருக்கித் தமிழில் எழுதினார். 1862-ல் அதை அச்சிட்டு வெளியிட்டார். பெயர், சித்தாந்த சங்கிரகம். பிறகு ஹைகோர்ட்டின் தொடக்க ஆண்டுத் தீர்ப்புகளையும் தமிழில் தந்தார்.

56 ஆண்டுத் தீர்ப்புகள். அப்போது டைப்ரைட்டர் கிடையாது. சட்டத்துக்குத் தமிழ்ச் சொல் தேட அகராதியும் கிடையாது. பிராது, தாவா, ஜப்தி, தஸ்தாவேஜு என்று வழக்கில் இருந்த கோர்ட்டுச் சொற்கள் பல பாரசீக, அரபு, உருது வழி வந்தவை. இந்த நிலையில்தான் முன்சீப் வேலையைப் பார்த்துக்கொண்டே அவர் இதை முடித்தார்.

அதனால் என்ன பயன்? ஆங்கிலம் தெரியாத வக்கீலும், தமிழ் மட்டும் தெரிந்த மிராசுதாரும், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சட்டத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வழி பிறந்தது. தன் கட்சி நிற்குமா நிற்காதா என்று ஒருவன் கோர்ட்டுக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். தோற்கிற வழக்கில் பணத்தைக் கொட்டாமல் தப்பலாம்.

மேலே போனவரும் போகாதவரும்

தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்த இன்னொருவரும் சரித்திரத்தில் இடம் பெற்றார். அவர் டி.முத்துசாமி ஐயர். ஏழையாகப் பிறந்து படிப்படியாக உயர்ந்தார். 1878-ல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனார். சர் பட்டமும் பெற்றார்.

வேதநாயகம் பிள்ளைக்கு அந்த உயர்வு வரவில்லை. முன்சீப்பாகச் சேர்ந்தார், முன்சீப்பாகவே விலகினார். 1872-ல் உத்தியோகத்தை விட்டபோது அவருக்கு 46 வயதுகூட நிறையவில்லை.

ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊரில் போய்க் கேட்டாலும், அந்தக் காலத்து ஜில்லா ஜட்ஜ் யார் என்று சொல்ல ஆள் இல்லை. மாயூரம் முன்சீப்பைத் தெரியாதவர் இல்லை.

மராட்டிய மண்ணிலும் இப்படி ஒருவர் இருந்தார். மகாதேவ் கோவிந்த் ரானடே. அவரும் கீழ்க் கோர்ட்டில் இருந்து வந்தவர்தான். 1871-ல் புனாவில் சப்-ஜட்ஜாக அமர்ந்து, 1893-ல் பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதி ஆனார். கோர்ட்டு வேலைக்கு இடையே சமூகச் சீர்திருத்தம், பெண் கல்வி, விதவை மறுமணம் என்று பாடுபட்டார். பம்பாய் பல்கலைக்கழகத்தில் மராத்திக்கு இடம் வேண்டும் என்று வாதாடினார். தாய்மொழியும் பெண் கல்வியும் இந்த இரண்டு நீதிபதிகளுக்கும் பொதுவாக இருந்தன. கோர்ட்டுக்கு வந்து அழும் பெண்களை நேரில் பார்த்தவர்கள் ஆயிற்றே!

பெண்களுக்காக

உத்தியோகத்தில் இருந்தபோதே வேதநாயகம் பிள்ளை பெண்களுக்காகப் பேனாவை எடுத்தார். பெண்மதி மாலை என்ற பாடல் நூலை எழுதினார். பெண்கள் ஏன் படிக்க வேண்டும், படித்தால் குடும்பத்துக்கு என்ன நன்மை என்பதை உரைநடையிலும் விளக்கினார். மாயூரத்தில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடமும் ஏற்படுத்தினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பெரிய மனிதர்களே கேட்ட காலத்தில் செய்த காரியம் இது.

மாயூரம் நகரசபைத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

தாது வருஷப் பஞ்சம்

1876-ல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருஷத்தில் வந்ததால் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி எல்லாம் அதில் சிக்கின. மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

அப்போது வேதநாயகம் பிள்ளை உத்தியோகத்தில் இல்லை. ஆனாலும் கையில் இருந்த பொருளை எடுத்துச் செலவு செய்தார். கஞ்சித் தொட்டிகள் வைத்து, பசி என்று வந்தவர்களுக்கு ஊற்றினார். சாதி, மதம் பார்க்கவில்லை.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கண்டு மனம் உருகினார். மனிதரைப் பாடுவது அவருக்கு வழக்கம் இல்லை. ஆனாலும் வேதநாயகம் பிள்ளையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

பஞ்சம் தணிந்த 1878-ல் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எந்த மதத்துக்காரரும் தம் கடவுளை நினைத்துப் பாடக்கூடிய பாட்டுகள் அதில் உள்ளன. எந்த ஒரு மதத்தின் தெய்வத்தையும் தனியே பெயர் சொல்லிப் பாடாமல், எல்லோருக்கும் பொதுவான இறைவனைப் பாடினார். அவற்றில் சில, கர்நாடக இசைக் கச்சேரிகளிலும் இடம் பெற்றன.

நாவலுக்குள் ஒரு கோர்ட்டு

1879-ம் ஆண்டு பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் இதுவே. கதாநாயகன் பிரதாப முதலியார். ஆனால் உண்மையான கதாநாயகி என்றால் அவன் மனைவி ஞானாம்பாள்தான். புத்தியிலும் துணிவிலும் கணவனை மிஞ்சியவள்.

வேடிக்கைக் கதை என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள். நீதிபதி ஒருவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னொரு ருசி தெரியும்.

விக்கிரமபுரி என்ற ஊருக்குப் பிரதாப முதலியார் வழி தவறிப் போய்ச் சேருகிறான். செருப்பு தைக்கும் ஒருவனிடம் செருப்பைக் கொடுத்து, செப்பனிட்டால் உன்னைச் சந்தோஷப்படுத்துவேன் என்று சொல்லி விடுகிறான். வேலை முடிந்ததும் கூலி கொடுக்கிறான். எனக்குச் சந்தோஷம் இல்லை என்கிறான் அவன். கூடக் கொடுத்தாலும் அதே பதில். வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. ஒப்பந்தப்படி சந்தோஷப்படுத்தவில்லை என்று பிரதாப முதலியாருக்குச் சிறை!

ஆண் வேடத்தில் கணவனைத் தேடி வரும் ஞானாம்பாள் அந்த ஊருக்கே அரசனாகி விடுகிறாள். வழக்கை மறுபடி விசாரிக்கிறாள். தான் அரசுக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷம்தானே என்று அவனைக் கேட்கிறாள். அரசனுக்கு முன்னால் சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியுமா? சந்தோஷம் என்று அவன் வாயாலேயே வந்து விடுகிறது. பேசியபடி சந்தோஷம் கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது.

சிரித்துவிட்டு யோசித்தால் இதில் உள்ள விஷயம் விளங்கும். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நியாயத்தை விட்டுவிடும் கோர்ட்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறார். அந்தச் சொல்லைக் கொண்டே நியாயத்தை மீட்க, நீதிபதிக்குப் புத்தி வேண்டும் என்றும் காட்டுகிறார்.

அதே நாவலில் கோர்ட்டு மொழியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஜட்ஜ் தமிழர். வக்கீல் தமிழர். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரும் தமிழர். அப்படி இருக்கும்போது தமிழ் நாட்டின் கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாடுவது யாருக்காக என்பதே அவருடைய கேள்வி. தாய்மொழியைப் படிக்காமல் ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுப் பெருமை பேசுவோரையும் கேலி செய்கிறார்.

அவர் ஆங்கிலத்துக்கு விரோதி அல்ல. ஆங்கிலம் படித்துத்தான் அவர் உத்தியோகத்துக்கு வந்தார். கட்சிக்காரனுக்கு விளங்காமல் நடக்கும் விசாரணையைத்தான் அவர் எதிர்த்தார்.

1887-ல் சுகுண சுந்தரி என்ற இரண்டாவது நாவலை வெளியிட்டார். 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி காலமானார். வயது 62.

கேட்டது கிடைத்ததா?

அவர் கேட்டது கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. நாவல் வெளிவந்து 97 ஆண்டுகளுக்குப் பிறகு, 1976-ல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் சாட்சியம் பதியவும், தீர்ப்பு எழுதவும் அது வழி செய்தது.

ஹைகோர்ட்டு விஷயம் வேறு. அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டுகளிலும் ஆங்கிலமே மொழி. ஜனாதிபதியின் சம்மதத்தோடு கவர்னர் மாநில மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநில ஹைகோர்ட்டுகளில் இந்திக்கு அந்த அனுமதி உண்டு. சென்னை ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று தமிழக சட்டசபை 2006-ல் தீர்மானம் போட்டது. அது ஏற்கப்படவில்லை.

ஆனால் ஒரு நல்ல மாற்றம். சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கியிருக்கிறது. 2023-க்குப் பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. இதற்குக் கம்ப்யூட்டர் உதவுகிறது. இதைத்தான் 1862-ல் ஒரு தனி மனிதர், எண்ணெய் விளக்குக் காலத்தில், கையால் எழுதிச் செய்தார்.

நமக்கு என்ன?

மும்பையில் இருக்கும் நாம் இங்குள்ள கோர்ட்டுகளில் தமிழ் வேண்டும் என்று கேட்க முடியாது. இது மராட்டிய மாநிலம். மராத்தியர் தங்கள் மொழியில் நீதி கேட்பது, வேதநாயகம் பிள்ளை தமிழில் கேட்டது போன்ற நியாயமே. ஆகவே இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் மராத்தியை நன்றாகப் படிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் நம்மைக் கைவிடவும் இல்லை. கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதைக் கோர்ட்டிலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. இதைக் கேட்டுப் பெறுவது சலுகை அல்ல, உரிமை. பலர் கூச்சத்தால் கேட்பதில்லை. புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானக்காரர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

வடாலாவிலேயே டாக்டர் அம்பேத்கர் பெயரில் சட்டக் கல்லூரி இருக்கிறது. சட்டம் படிக்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வக்கீல் ஆகுங்கள், ஜட்ஜ் ஆகுங்கள். அதோடு, உங்கள் சாலிலோ குடியிருப்பிலோ யாராவது ஒருவர் கோர்ட்டு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், அதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். என்றைக்கு ஆஜராக வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும், எந்தக் காகிதத்தை எடுத்துப் போக வேண்டும் என்று பொறுமையாக விளக்குங்கள். மாயூரம் முன்சீப் தம் வாழ்நாளில் செய்த வேலையும் அதுதான்.